சாலை விபத்தில் காயமடைந்தவர் இழப்பீடு கேட்பது எப்படி: மருத்துவமனைச் சீட்டு முதல் தீர்ப்புத் தொகை வரை

சாலை விபத்தில் அடிபட்டு, உயிர் தப்பி, வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் கிடக்கும் ஒருவரோ அவருடைய குடும்பத்தாரோ தமிழ்நாட்டில் இழப்பீடு கேட்க என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, இதற்கு முன் நீதிமன்றப் படி ஏறியிராதவர்களை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன். இறந்தவரின் வாரிசுகள் தொடுக்கும் வழக்கின் கணக்கு வேறு; அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. காயம்பட்டவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்யும் மனுவை நீதிமன்ற வட்டாரத்தில் எம்.சி.ஓ.பி. (மோட்டார் கிளெய்ம்ஸ் ஒரிஜினல் பெட்டிஷன்) என்பார்கள். வழக்கறிஞரின் குமாஸ்தாவிடம் பேசினாலும், வராந்தாவில் பெயர் கூப்பிடக் காத்து நின்றாலும், காதில் விழப்போவது இந்தப் பெயர்தான்.

இதற்கான சட்டம் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். 2019இல் அது திருத்தப்பட்டது. இழப்பீடு பற்றிய புதிய விதிகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆகவே பத்து ஆண்டுகளுக்கு முன் இத்தகைய வழக்கை நடத்திய சித்தப்பா அக்கறையோடு சொல்லும் யோசனைகளில் பாதி இன்று செல்லாது. குறிப்பாக, "எப்போது வேண்டுமானாலும் கேஸ் போடலாம்" என்பது இப்போது ஆபத்தான பேச்சு.

மருத்துவமனையில் எழுதப்படும் முதல் வரி

அடிபட்டவரை ஆம்புலன்ஸிலிருந்து இறக்கியதும், அவசரப் பிரிவில் பணியிலிருக்கும் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் நாலைந்து வரி எழுதுவார். அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். எத்தனை மணிக்கு வந்தார், யார் அழைத்து வந்தார்கள், நினைவோடு இருந்தாரா, மது வாடை இருந்ததா, எந்த இடத்தில் எந்த வாகனம் மோதியதாகச் சொல்கிறார், உடம்பில் எங்கெங்கே என்ன காயம் என்பவையெல்லாம் அந்த ஒற்றைத் தாளில் வந்துவிடும். வழக்கில் பின்னால் எத்தனை ஆவணங்கள் சேர்ந்தாலும், எதிர்த்தரப்புக் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் புரட்டிப் பார்ப்பது இந்தத் தாளைத்தான்.

அந்த நேரத்தில் நடக்கும் தவறு எப்போதும் ஒரே மாதிரியானது. போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்குமோ என்று பயந்த உறவினரோ, உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டிய நண்பரைக் காப்பாற்ற நினைத்தவரோ, "வண்டி வழுக்கித் தானாக விழுந்துவிட்டார்" என்று சொல்லிவிடுவார். மருத்துவர் அப்படியே எழுதிக்கொள்வார். அவர் சம்பவ இடத்தில் இருந்தவர் அல்லர். மூன்று நாள் கழித்து, லாரி இடித்துத்தான் விழுந்தார் என்று காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போது, ஏ.ஆர். காப்பியில் உள்ள அந்த ஒரு வரி புகாருக்கு எதிராகச் சாட்சி சொல்லும். தானாக விழுந்தவருக்கு இழப்பீடு தர எதிர்மனுதாரர் யாரும் இல்லை. லாரியைப் பின்னால் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்று வாதாடுவது எளிது. தமிழ்நாட்டில் போலி விபத்து வழக்குகள் பிடிபட்டு, சென்னை உயர் நீதிமன்றம் அவற்றைத் தனியே விசாரிக்க உத்தரவிட்ட வரலாறு இருப்பதால் அந்த வாதம் காதில் ஏறவும் ஏறும்.

எனவே, அழைத்துப் போகிறவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நடந்ததை நடந்தபடியே சொல்ல வேண்டும். இடம், நேரம், மோதிய வாகனத்தின் வகை, தெரிந்தால் அதன் பதிவு எண் ஆகியவற்றைச் சொல்லி, மருத்துவர் எழுதிக்கொண்டாரா என்று பணிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். மோதிய வாகனத்தைத் தெரியாது என்றால் தெரியாது என்றே சொல்ல வேண்டும். தவறாக எழுதப்பட்டுவிட்டது பிறகுதான் தெரிய வந்தால், அன்றே மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்து மூலமாக விளக்கம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஓட்டியவரை மாற்றிச் சொல்வதை மட்டும் ஒருபோதும் செய்யக் கூடாது. அது தெரியவந்தால் இழப்பீடு போவதோடு நிற்காமல் குற்ற வழக்காகவும் முடியும்.

சிகிச்சைச் செலவு பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய எவருக்கும், அவர் வெளிமாநிலத்தவராகவே இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில், விபத்து நாளிலிருந்து 7 நாள்கள் வரை 1.5 லட்சம் ரூபாய் வரம்புக்குள் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. இவற்றுக்கு மேல் சொந்தக் கையிலிருந்து கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் அசல் ரசீது வேண்டும். மருந்துக் கடையில் ‘எஸ்டிமேட்’ என்று துண்டுச் சீட்டு கொடுத்தால் வாங்காமல், நோயாளியின் பெயர் போட்ட பில்லாகக் கேட்டு வாங்குங்கள்.

காவல் நிலையம்

புகாரில், எதிரே வந்தவர் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ ஓட்டி வந்தார் என்ற சொற்றொடர் தவறாமல் இடம்பெறும். சட்டத்தின் வாசகத்தை ஒட்டிப் பழகிப்போன சொற்கள் அவை, இருப்பதில் தவறில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் போதாது. எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போனீர்கள், சாலையின் எந்தப் பக்கத்தில் இருந்தீர்கள், எந்த இடத்தில் மோதல் நடந்தது என்பதையும் எழுதிக் கொடுங்கள். வழக்கு இப்போது பாரதிய நியாய சம்ஹிதையின் 281 மற்றும் 125 ஆகிய பிரிவுகளில் பதியப்படும். 2024 ஜூலைக்கு முன் நடந்த விபத்தென்றால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279, 337, 338 ஆகிய எண்களைப் பார்ப்பீர்கள்.

அடிபட்டவர் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் கிடந்ததால் புகார் தாமதமானால், அதன் காரணத்தைப் புகாரிலேயே எழுதிவிட வேண்டும். உயிரைக் காப்பாற்ற ஓடிக்கொண்டிருந்த குடும்பம் உடனே காவல் நிலையம் போகவில்லை என்பதற்காக மட்டுமே வழக்கைச் சந்தேகிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொல்லியிருக்கிறது. விளக்கமில்லாத தாமதம்தான் சிக்கல்.

2022இல் வந்த மத்திய விதிகள், விசாரணை அதிகாரிக்குக் கால அட்டவணையே போட்டுக் கொடுத்திருக்கின்றன. விபத்துத் தகவல் கிடைத்த 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். 10 நாள்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்கு அவருடைய உரிமைகளை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 90 நாள்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். இவை குறித்த நாளில் தாமாக நடந்துவிடும் என்று நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். நீங்களே நேரில் போய், முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்துக் காவல்துறை எழுதும் குறிப்பு), அந்த இடத்தின் மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, காயச் சான்றிதழ், முடிவில் குற்றப்பத்திரிகை என ஒவ்வொன்றின் நகலையும் பெறுங்கள். மாதிரி வரைபடத்தை வாங்கியதும் உட்கார்ந்து பாருங்கள். மோதல் நடந்த இடத்தைக் குறிக்கும் பெருக்கல் குறி நடுக்கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்பதை வைத்து, யார்மீது எவ்வளவு தவறு என்ற வாதம் முழுவதும் பின்னால் நடக்கும்.

உங்கள் மீதே வழக்குப் பதிந்துவிட்டார்கள் என்றாலும் இழப்பீட்டுக் கதவு அடைபட்டுவிடுவதில்லை. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். தீர்ப்பாயத்தில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். இரண்டும் வேறு வேறு தராசுகள்.

எந்த வழியில் கேட்பது

மோதிய வாகனம் நிற்காமல் போய், கடைசி வரை அடையாளம் தெரியாவிட்டால், தீர்ப்பாயத்துக்குப் போகாமல் வருவாய்த் துறை வழியாக மனுச் செய்ய வேண்டும். கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் நிலையான தொகையாகக் கிடைக்கும். பிறகு வாகனம் கண்டுபிடிக்கப்பட்டு இழப்பீடு கிடைத்தால், இந்தத் தொகையைத் திருப்பித் தர வேண்டும்.

வாகனம் தெரிந்தால் இரண்டு வழிகள் உள்ளன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி, யார்மீது தவறு என்று நிரூபிக்காமலேயே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் பெறலாம். 166ஆம் பிரிவின்படி, தவறு எதிர்த்தரப்பினுடையது என்று காட்டி, உண்மையான இழப்பு முழுவதையும் கேட்கலாம். முதல் வழியில் தொகையை ஏற்றுக்கொண்டால் இரண்டாவது மனு காலாவதியாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். எலும்பு முறிந்து ஒரு மாதத்தில் கூடிவிட்டவருக்கு 2.5 லட்சம் நல்ல தொகையே. வாழ்நாள் முழுவதும் நொண்டி நடக்கப் போகிறவர், மருத்துவச் செலவு நெருக்குகிறது என்பதற்காக அதில் கையெழுத்திடுவது பெரும்பாலும் நஷ்டம்.

வேலை நேரத்தில், வேலையின் பொருட்டு அடிபட்ட ஓட்டுநர், கிளீனர் போன்றவர்களுக்கு மூன்றாவது வழியும் உண்டு. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடந்துவந்த தொழிலாளர் இழப்பீடு, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்திருக்கிறது. அங்கே யாருடைய கவனக்குறைவு என்ற கேள்வியே எழாது. ஆனால் ஒரே காயத்துக்கு அங்கேயும் தீர்ப்பாயத்திலும் கேட்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 167ஆம் பிரிவின்படி ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறு ஓட்டுநருடையதாகவே இருந்தால் தொழிலாளர் இழப்பீடு. எதிரே வந்தவனுடையதாக இருந்தால் பெரும்பாலும் தீர்ப்பாயம்.

பணம் கட்டப் போவது யார்

எதிர்மனுதாரர்களாக வாகன உரிமையாளரையும் அவருடைய காப்பீட்டு நிறுவனத்தையும் சேர்க்க வேண்டும். வாகனப் பதிவு எண்ணை எம்பரிவாஹன் செயலியில் போட்டால் காப்பீடு எந்த நிறுவனத்தில், எந்தத் தேதி வரை என்பது தெரியும். பார்க்க வேண்டியது விபத்து நடந்த நாளில் அது உயிரோடு இருந்ததா என்பதை. பின்னர் புதுப்பித்த பாலிசி உதவாது.

பாலிசியின் வகையில் ஒரு பள்ளம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் விழுகிறார்கள். இரு சக்கர வாகனத்துக்குச் சட்டம் கட்டாயமாக்கிய குறைந்தபட்சக் காப்பீடு மட்டும் இருந்தால், அந்த வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கு அந்த நிறுவனம் பணம் தராது. தெருவில் நடந்து போனவருக்கும் எதிரே வந்தவருக்கும்தான் அது பொருந்தும். பின்னிருக்கைக்காரருக்கும் கிடைக்க வேண்டுமானால் முழுமையான பாலிசி, அதாவது பேக்கேஜ் பாலிசி, இருக்க வேண்டும். வண்டியை ஓட்டிப் போய்த் தானே மரத்தில் மோதிக்கொண்ட உரிமையாளருக்கு 166ஆம் பிரிவில் ஒன்றும் கிடையாது. அவர் பார்க்க வேண்டியது பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பீடு. அதிலும் உயிரிழப்பு, கை கால் கண் இழப்பு, முழு முடக்கம் போன்றவற்றுக்கே தொகை உண்டு.

ஓட்டியவருக்கு உரிமம் இல்லை என்று நிறுவனம் கை கழுவப் பார்க்கும். அத்தகைய வழக்குகளில், நிறுவனம் முதலில் காயம்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிடுவதுண்டு. மோதியது அரசுப் பேருந்து என்றால், போக்குவரத்துக் கழகமே நேரடி எதிர்மனுதாரர்.

ஆறு மாதம்

திருத்தத்துக்குப் பின், விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது 166ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு. இந்த வரம்பை எதிர்க்கும் வழக்குகளில், காலம் கடந்தது என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு போட்டது. இடைக்கால உத்தரவை நம்பி ஏழாம் மாதம் வரை காத்திருப்பவர் தேவையில்லாத சூதாட்டம் ஆடுகிறார். சிகிச்சை முடியவில்லை, சான்றிதழ் வரவில்லை என்பவையெல்லாம் தாமதிக்கக் காரணங்கள் அல்ல. மனுவைப் போட்டுவிட்டு ஆவணங்களைப் பிறகு சேர்க்கலாம்.

எங்கே தாக்கல் செய்வது என்பதில் சட்டம் தாராளமானது. விபத்து நடந்த ஊர், நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊர், எதிர்மனுதாரர் வசிக்கும் ஊர் ஆகிய எதிலும் தாக்கல் செய்யலாம். உளுந்தூர்பேட்டைக்கு அருகே அடிபட்ட தூத்துக்குடிக்காரர் தூத்துக்குடியிலேயே வழக்கு நடத்தலாம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றத்திலும், மாவட்டங்களில் மாவட்ட நீதிமன்றம், சார்பு நீதிமன்றம் ஆகியவற்றிலும் இத்தீர்ப்பாயங்கள் இயங்குகின்றன.

வருமானத்துக்கு எழுத்தில் சாட்சி

மாதச் சம்பளக்காரர் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிப் படிவம் ஆகியவற்றைக் காட்டிவிடுவார். கொத்தனாரும் பூ விற்பவரும் என்ன செய்வார்கள்? ஆவணம் இல்லை என்றால் தீர்ப்பாயம் உத்தேச வருமானம் ஒன்றை நிர்ணயிக்கும். 2008இல் விபத்தில் சிக்கிக் காலை இழந்த காய்கறி வியாபாரி ஒருவருக்கு, வருமானச் சான்று இல்லாத நிலையிலும், மாதம் 6,500 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. கிடைக்கும் துண்டுத் தாள்களை அலட்சியப்படுத்தாதீர்கள். நலவாரிய அடையாள அட்டை, மேஸ்திரியின் கூலி நோட்டு, மொத்த வியாபாரியிடம் சரக்கெடுத்த பில், யுபிஐயில் வாடிக்கையாளர்கள் அனுப்பிய பணத்தின் பட்டியல் என எதுவும் உத்தேசத்தைச் சற்று மேலே தூக்கும். வழக்குக்காக யாரோ ஒருவர் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்த பெரிய சம்பளச் சான்று, எழுதியவர் கூண்டில் ஏறிக் கணக்குப் புத்தகத்தைக் காட்டாதவரை, நன்மையைவிடத் தீமையே செய்யும்.

ஊனம் எத்தனை சதவீதம், வேலை எத்தனை சதவீதம்

இந்த வழக்குகளின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் 34 வயதுத் தையல்காரர் ஒருவரை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கிறார். லாரி இடித்து வலது கணுக்கால் நொறுங்கி, பிளேட் வைத்துக் கூடியபின் பாதம் மேலும் கீழும் மடங்கவில்லை. மருத்துவக் குழு அவரைச் சோதித்து, மொத்த உடம்புக்கு 20 சதவீத நிரந்தர ஊனம் என்று சான்று தருகிறது.

இந்த 20 என்ற எண்ணை வைத்து மூன்று விதமாகக் கணக்குப் போடலாம். முதலாவது, தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் சதவீதக் கணக்கு: ஒரு சதவீதத்துக்கு 3,000 அல்லது 5,000 ரூபாய் என்று பெருக்குவது. 5,000 என்றே வைத்தாலும் வருவது 1 லட்சம். வருமானத்தைப் பாதிக்காத சிறு ஊனங்களுக்கு உரிய வழி இது.

இரண்டாவது, பெருக்கு எண் முறை: ஆண்டு வருமானத்தை, வயதுக்கு ஏற்ப அட்டவணையில் குறித்த ஓர் எண்ணால் பெருக்குவது. மாத வருமானம் 15,000. சொந்தத் தொழில் அல்லது நிலையற்ற வேலையில் உள்ள, 40 வயதுக்குட்பட்டவருக்கு எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும் என்பது 2017 அக்டோபர் 31 அன்று பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. ஆக மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000. வயது 31 முதல் 35 வரை பெருக்கு எண் 16. இது 2009இல் வந்த சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணையிலிருந்து எடுப்பது. பெருக்கினால் 40,32,000. அதில் 20 சதவீதம் 8,06,400 ரூபாய்.

மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அந்தத் தையல்காரரின் வேலையில் வலது பாதம் என்ன செய்கிறது? தையல் இயந்திரத்தின் மிதியை அழுத்துவதும் தளர்த்துவதும் அந்தப் பாதம்தான்; நிமிடத்துக்கு எத்தனை முறை என்று அவரே எண்ணியிருக்க மாட்டார். பாதம் மடங்காதவர் பழைய வேகத்தில் தைக்க முடியாது, பீஸ் ரேட்டில் வேகம்தான் கூலி. உடம்பில் 20 சதவீதம் போனவருக்குச் சம்பாத்தியத்தில் 50 சதவீதம் போயிருக்கலாம். தீர்ப்பாயம் அதை ஏற்றால் தொகை 20,16,000 ரூபாய். அதே கணுக்கால் முறிவு கணக்கு எழுதுபவருக்கு நேர்ந்திருந்தால், சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது.

இந்தப் பாகுபாட்டை 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக வகுத்தது. இடக்கையை இழந்தவரின் உடல் ஊனம் 60 சதவீதம் என்று வந்தாலும், அவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் வருமான இழப்பு ஏறக்குறைய 100 சதவீதம். அரசு அலுவலக எழுத்தர் என்றால் அவ்வளவு அல்ல என்று அங்கே உதாரணம் காட்டப்பட்டது. மேலே சொன்ன காய்கறி வியாபாரிக்கு வருமான இழப்பை 85 சதவீதமாக எடுத்ததும் இதே தர்க்கத்தில்தான்.

எனவே வழக்கறிஞரிடம் போகும்போது சான்றிதழை மட்டும் நீட்டாமல், உங்கள் வேலை என்ன, அதில் உடம்பின் எந்தப் பகுதி எப்படிப் பயன்பட்டது, இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். சம்மணமிட முடியவில்லை, ஏணி ஏற முடியவில்லை, பத்துக் கிலோ தூக்க முடியவில்லை என்று குறிப்பாக இருக்கட்டும். அதை உங்கள் நிரூபண வாக்குமூலத்தில், அதாவது சாட்சியமாக நீங்கள் எழுத்தில் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்தில், சேர்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் உடன் வேலை செய்த ஒருவரைச் சாட்சியாக அழையுங்கள். சான்றிதழில் எழுதப்பட்ட சதவீதம் ஒரு காலுக்கா, மொத்த உடம்புக்கா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். காலுக்கு 40 என்றால் உடம்புக்கு அதைவிடக் குறைவாகவே எடுப்பார்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை வேறு விஷயம். 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனமுள்ளவர்கள் அரசுச் சலுகைகளுக்காக அதைத் தனியே விண்ணப்பித்துப் பெற வேண்டும். அது இருப்பதால் இழப்பீடு அதிகமாகாது, இல்லாததால் குறையாது.

இதர தலைப்புகளில் வலியும் வேதனையும், வாழ்வின் வசதிகளை இழந்தது, சிகிச்சைக் காலத்து வருமான இழப்பு, உடன் இருந்து கவனித்தவருக்கான செலவு, ஆட்டோ செலவு, சத்துணவு, கிழிந்த உடைக்கு ஒரு சிறு தொகை என்று ஒவ்வொன்றாகச் சேரும். மனைவி வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டார் என்றால் அதற்கும் கேட்கலாம். உடம்பில் வைத்த பிளேட்டை எடுக்க இன்னொரு அறுவைச் சிகிச்சை பாக்கி இருந்தால், மருத்துவரிடம் செலவு மதிப்பீடு வாங்கி இப்போதே சேர்த்துவிட வேண்டும். தீர்ப்பு வந்தபின் அதே காயத்துக்கு இரண்டாவது மனு கிடையாது.

கூண்டில் ஏறும் நாள்

குறுக்கு விசாரணை பெரும்பாலானோர் பயப்படும் அளவுக்கு நீளாது. தலைக்கவசம் போட்டிருந்தீர்களா, எத்தனை பேர் வண்டியில் போனீர்கள், உரிமம் இருந்ததா, இப்போது என்ன வேலை செய்கிறீர்கள் என்பவைதான் வழக்கமான கேள்விகள். இல்லாததை இருந்தது என்று சொல்ல வேண்டாம். உரிமம் இல்லை என்பதாலேயே விபத்துக்கு நீங்களும் காரணம் என்று ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2008இலேயே சொல்லியிருக்கிறது. தலைக்கவசம் இல்லாமல் தலையில் அடிபட்டிருந்தால் தொகையில் ஒரு பங்கு கழிக்கப்படலாம், அவ்வளவுதான். கால் முறிந்தவருக்கு அந்தக் கழிவு ஏன் என்று உங்கள் வழக்கறிஞர் கேட்பார்.

வழக்கறிஞர், சமரசம், கட்டணம்

மருத்துவமனை வார்டுக்கே வந்து "கேஸை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று வக்காலத்தில் கையெழுத்து வாங்கிப் போகிறவர்களிடம் அசல் ஆவணங்களைக் கொடுக்காதீர்கள். கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவது வழக்கறிஞர் தொழில் விதிகளில் தடைசெய்யப்பட்டது. ஊரெல்லாம் அப்படித்தான் நடக்கிறது என்பதால் அது விதி ஆகிவிடாது. நிரப்பப்படாத காசோலையிலோ வெற்றுத்தாளிலோ கையெழுத்திட வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அதன் அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்தால் பணம் விரைவில் வரும். ஆனால் அங்கே ஒத்துக்கொண்டபின் மேல்முறையீடு இல்லை. ஆகவே மேலே தையல்காரருக்குப் போட்டதுபோல் உங்கள் கணக்கை நீங்களே ஒரு தாளில் போட்டுக்கொண்டு போங்கள். 12 லட்சம் வரக்கூடிய வழக்கை, இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டாமே என்று 10 லட்சத்துக்கு முடிப்பது விவேகம். கணக்கே தெரியாமல் 4 லட்சத்துக்குத் தலையாட்டுவது வேறு.

தீர்ப்புக்குப் பின்

தீர்ப்புத் தொகைக்கு மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து வட்டி உண்டு, தமிழ்நாட்டில் 7.5 சதவீதம் என்பதைப் பல தீர்ப்புகளில் காணலாம். தொகை உங்கள் கைக்கு நேரே வராமல் தீர்ப்பாயத்தின் கணக்கில் கட்டப்படும். காயம்பட்டவர் சிறுவராகவோ, ஏமாற்றப்படக்கூடியவராகவோ இருந்தால் ஒரு பகுதி நிரந்தர வைப்பில் போடப்படும். உங்கள் பெயரில் மட்டும் உள்ள வங்கிக் கணக்கின் விவரத்தைக் கொடுங்கள். வேறொருவர் கணக்கைக் கொடுக்கச் சொன்னால், சொன்னவர் யாராயினும் மறுத்துவிடுங்கள்.

தொகை குறைவு என்று பட்டால் 90 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். மதுரைக் கிளையின் எல்லைக்குட்பட்ட மாவட்டத்தவர்கள் மதுரையில் செய்ய வேண்டும். வித்தியாசம் 1 லட்சம் ரூபாய்க்குக் குறைவென்றால் மேல்முறையீடு கிடையாது. எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்தாலும், கட்டப்பட்ட தொகையில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ள மனுப்போட்டு அனுமதி கேட்கலாம்.

குறித்த நாளுக்குள் பணம் கட்டப்படாவிட்டால் நிறைவேற்று மனு தாக்கல் செய்ய வேண்டும். இ.பி. போட்டாயிற்றா என்று குமாஸ்தா கேட்பது இதைத்தான். இழப்பீடு பாக்கிக்காக அரசுப் பேருந்தை நீதிமன்ற அமீனா ஜப்தி செய்து, பயணிகளை இறக்கி, நீதிமன்ற வளாகத்தில் கொண்டுவந்து நிறுத்தினார் என்று செய்தித்தாளில் அவ்வப்போது வருகிறதே, அது இந்த மனுவின் மேல் பிறந்த உத்தரவுதான்.